சின்ன வண்டிக்கு நல்ல எண்ணெய்

என்னைப் பார்க்கிறவர்கள் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பெட்ரோலில் எத்தனால் கலந்து வர ஆரம்பித்ததிலிருந்து அந்தத் தொல்லை இன்னும் கூடிவிட்டது. "எஸ்தரக்கா, என்னோடது சின்ன வண்டி. பிரீமியம் அடிச்சா நல்லதா?" காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவர் உண்டு. என் நாத்தனாரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது கேட்டவரும் உண்டு. கேரள மலையில் மறையூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பம்பில் இருபத்து மூன்று வருஷம் குழாய் பிடித்து நின்றவள் நான். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. குழாயை வைத்துவிட்டேன், கேள்வி விடமாட்டேன் என்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. வேண்டாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் உயர்ந்த ஆக்டேன் வேண்டும் என்று அச்சடித்திருந்தால் அடியுங்கள். இல்லையென்றால் வீண். ஆக்டேன் என்பது சக்தி இல்லை, சத்து மாத்திரை இல்லை. எஞ்சினுக்குள் அழுத்தும்போது தன் முறை வருவதற்கு முன்னால் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு பொறுக்கும் என்பதற்கான கணக்கு, அவ்வளவுதான். சின்ன வண்டியின் எஞ்சின் அப்படி ஒன்றும் அழுத்துவதில்லை. பொறுமைசாலிப் பெட்ரோலுக்கு அங்கே வேலையே இல்லை.

இவ்வளவு சுலபமான விஷயம் எனக்குத் தெரியவே பல வருஷமாயிற்று. தெரியாமல் விற்ற காலத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். கொழுந்து கிள்ளப் போகப் பிடிக்காமல், பம்பில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன், எட்டாம் நாள் குழாயைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் மாதம் முழுக்கத் தலைவலி. பிறகு பெட்ரோல் வாடை எனக்குத் தெரியாமலே போய்விட்டது, என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

உண்மையான பயிற்சி மேனேஜர் வர்க்கீஸ் சாரிடம். சலவைச் சட்டை, மடித்த கைக்குட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் பம்பைத் திறக்கும் முன் அவர் செய்யும் வேலைகளைப் பார்த்தால் பூசைக்கு நிற்கிறாரோ என்று தோன்றும். அளவுகோலின் நுனியில் ஒரு பசை தடவித் தரைக்கடித் தொட்டிக்குள் விடுவார். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறிவிடும். பிறகு கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து, அடர்த்தி பார்க்கும் மிதவையை மெல்ல இறக்குவார். அது ஆடி அடங்கும்வரை நாங்கள் யாரும் பேசக்கூடாது. பக்கத்திலேயே ஒரு வெப்பமானி. இரண்டையும் பார்த்து, அட்டவணையில் விரல் வைத்துத் தேடி, முந்தின நாள் எண்ணோடு ஒத்துப் பார்ப்பார். கடைசியாக ஒவ்வொரு குழாயின் வாயையும் துடைத்து வடிதாளில் ஒரு சொட்டு விடுவார். சொட்டு ஆவியாகிப் போன இடத்தில் கறை இருக்கக்கூடாது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சுத்தம்" என்று அவர் சொன்ன பிறகுதான் வாசலில் குறுக்கே கட்டிய கயிற்றை அவிழ்ப்போம். கலப்படம் என்ற பேச்சுக்கே எங்கள் பம்பில் இடமில்லை. அளவில் ஒரு துளி குறைந்ததில்லை. இதை நான் எந்தக் கோவிலிலும் சர்ச்சிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அதே மனுஷன்தான் எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார். பிரீமியம் பெட்ரோல் வந்த புதிதில், இரண்டடி பின்னால் கைகட்டி நின்று நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி போனதும் அருகில் வந்தார்.

"எஸ்தரே, 'பிரீமியம் வேணுமா'ன்னு கேட்டா ஆளு வேண்டான்னு சொல்லும். அது நம்மளே அவருக்கு வழி காட்டிக் குடுக்கறது. 'பிரீமியம்தானே சார்'னு கேளு. தலை தன்னால ஆடும்."

ஆடியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புது மாப்பிள்ளைகளும், மூணாறு பார்க்க வந்தவர்களும், வண்டிக்கு மாலை போட்டுக் கொண்டுவந்தவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். பம்பில் நான் ஒருத்திதான் தமிழ்க்காரி. எஸ்டேட் ஆட்கள் மற்ற குழாய் காலியாக இருந்தாலும் என் வரிசையில்தான் வந்து நிற்பார்கள். நம்ம பாஷையில் இரண்டு வார்த்தை பேசலாம், நம்ம ஆளு ஏமாற்றமாட்டாள் என்ற நினைப்பு. வர்க்கீஸ் சார் அதையும் கவனித்திருந்தார். பிரீமியம் வரும் சிவப்புக் குழாயை என் கையில் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்.

கரும்பாலை வைத்து, இங்கே சர்க்கரை என்று சொல்லும் வெல்லம் காய்ச்சும் ஒருவர் வருவார். சின்ன வண்டிதான், ஆனால் அதைப் பெற்ற குழந்தையைப் போலப் பார்ப்பார். பிரீமியம் அடித்ததிலிருந்து மைலேஜ் ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். அவர் மனைவி ஒருநாள் என்னிடம், "வெல கூடுன எண்ணெயா இருக்கதுனால மனுசன் மாட்டு வண்டி மாதிரி ஓட்டுதாரு, எஸ்தரு. அம்மா வீட்டுக்குப் போயிச் சேரதுக்குள்ள எனக்கு நரைச்சிருது" என்றாள். சிரித்தேன். மைலேஜ் ஏறியது மெதுவாக ஓட்டுவதால்தான் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. மறுநாளும் "பிரீமியம்தானே" என்றுதான் கேட்டேன்.

பால்ராஜ் அண்ணன் எங்கள் சர்ச்காரர். சந்தனக் காட்டில் வாட்சர் வேலை பார்த்து ஓய்ந்தவர். காட்டுக்குள் அவ்வளவு வருஷம் காதை வைத்துப் பிழைத்த மனுஷன். எதிர் மலையில் சத்தம் கேட்டால் அது கோடாலியா, வாளா, காய்ந்த கொம்பு முறிந்ததா என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவர் மனைவி ஜெயமணி மயினிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை அடிமாலியில் டயாலிசிஸ். பஸ்ஸில் போனால் மூணாறு ஏறி, மாறி, மறுபடி இறங்கி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, ஆசுபத்திரி சேரும்போது ஆள் பாதியாகியிருப்பாள். அதற்காகத்தான் இவர் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினார். ஊர் சுற்ற இல்லை, வாடகைக்கு இல்லை. அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக.

சர்ச் வாசலில் ஜெபம் பண்ணிவிட்டு நேராக என் குழாய்க்குத்தான் வந்தார்கள். "மொதல் எண்ண ஒன் கையால, தங்கச்சி" என்றார். விலையைப் பார்த்து, என் பக்கத்திலேயே இருந்த சாதாரணக் குழாயில்தான் போடச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அடியில் செத்துக் கிடந்தது. "இந்த முள்ளு மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது, மத்தபடி ராசா கணக்கா ஓடுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த முள்ளை நான் பார்த்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு காலையில் வந்து நிறுத்தினார், முகம் சரியில்லை.

"தங்கச்சி, ஏத்தத்துல வண்டி ஒரு சத்தம் போடுது. டப்பாக்குள்ள கல்லப் போட்டுக் குலுக்குன மாதிரி. எறக்கத்துல இல்ல, சமத்துல இல்ல. ஏறும்போது மட்டும். எங்கிட்ட என்னமோ சொல்லுது."

பின்சீட்டில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜெயமணி மயினி படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே, "அந்தச் சத்தம் என் மண்டைக்குள்ள அடிக்கு, எஸ்தர். அத மட்டும் நிறுத்திக் குடுத்திரேன்" என்றாள்.

ஒர்க்‌ஷாப் எங்கள் பம்பிலிருந்து கூப்பிடு தூரம். "அண்ணே, முதல்ல அங்க காட்டுங்க" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வர்க்கீஸ் சார் வழக்கம்போல இரண்டடி பின்னால் நின்றார். அவருக்குப் பயந்து சொன்னேன் என்று எழுதினால் பொய். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, தெரிந்த பதிலைச் சொல்லும் சுகம் இருந்ததே, அதற்காகச் சொன்னேன்.

"ஒண்ணுமில்லண்ணே, எண்ணெ பத்தல. சின்ன வண்டில்லா, ஏத்தத்துல முக்குது. செவப்புக் குழாயில அடிங்க, சத்தம் போயிரும்."

போய்விட்டது. அதுதான் இதில் கொடுமை. நான் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அடுத்த வாரமே வந்து என்னைத் திட்டியிருப்பார், ஒர்க்‌ஷாப்புக்கும் போயிருப்பார். ஆனால் அடுத்த வாரம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஏத்தம் முழுக்க ஒறங்கிட்டா, தங்கச்சி! மூணாறு தாண்டுனது கூட அவளுக்குத் தெரியல." ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெயமணி மயினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி அவள் கை வீங்கியிருந்தது. "நீ நல்லா இருப்ப" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் கோழி அடித்துச் சாப்பிட்டோம்.

அதிலிருந்து அவர் சிவப்புக் குழாயைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அந்த விலை அவருக்குக் கட்டாது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பகட்டுக்கு அடித்தார்கள், இவர் அவள் தூக்கத்துக்கு அடித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு டயாலிசிஸ் நாளில், மூணாறு ஏறும் வழியில் தேயிலைக்கு நடுவே வண்டி நின்றது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. புகை வந்தது, நின்றது, அவ்வளவுதான். போன பஸ் எல்லாம் நிறைந்து போயிற்று. கொழுந்துச் சாக்கு ஏற்றிவந்த ஜீப் ஒன்றில் சாக்குகளுக்கு மேல் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது அவளுடைய நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள்தான் மெஷினில் ஏற்றினார்கள். அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் எஞ்சின் பிழைக்கவில்லை. மறுபடி பஸ், மறுபடி வாந்தி. "இன்னைக்கு ஒருநாள் விட்டுருவோம், ஒடம்பு தாங்காது" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் விட்டது இரண்டாயிற்று. உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. மூன்றாம் மாதம் போய்விட்டாள். பெட்டிக்குள் பார்த்தபோது முகம் ஊதி, எனக்கு அடையாளமே தெரியவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஒரு வேலையாக மூணாறு போனேன். அந்தக் கார் கிடந்த ஒர்க்‌ஷாப் வழியிலேயே இருந்தது. ஏன் உள்ளே போனேன் என்று தெரியவில்லை. மெக்கானிக் சஜி எஞ்சினைப் பிரித்துத் தகரத்தின் மேல் பரத்தி வைத்திருந்தான். என்னைப் பம்பில் பார்த்த பழக்கத்தில், "வா சேச்சி" என்று கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினான். ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயில் ஊசித் துளை. அதன் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஹெட் வளைந்திருந்தது. ஒரு பிஸ்டனின் தலை மெழுகு வழிந்தது போலத் தின்றுபோயிருந்தது. அதைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"தண்ணி இல்லாமெ சூட்டுலயே ஓடியிருக்கு. அந்த ஆளுக்கு ஹீட் முள்ளு வேற இல்ல. ஆனா எஞ்சின் சூடானா ஏத்தத்துல சத்தம் போடும் சேச்சி, கல்லு குலுக்கற மாதிரி. அது கேட்டாலே நிறுத்திக் காட்டணும். அந்த ஆளு அது கேட்டில்லையா?"

"கேட்டாரு" என்றேன்.

"கேட்டிட்டா ஓட்டினாரு?"

"பிரீமியம் அடிச்சதும் சத்தம் நின்னுபோச்சு."

சஜி தலையிலடித்துக்கொண்டான். "அது நிக்கும்! அந்த எண்ணெ லேசில தானாப் பத்தாது, அதனால சத்தம் வராது. சூடு எங்க போகும்? சூடு உள்ளதான் இருக்கும். ஏதோ ஒரு மண்டன் சொல்லிக் குடுத்திருப்பான்."

பிஸ்டனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மடையன் யார் என்று நான் சொல்லவில்லை. ரேடியேட்டருக்கு நல்ல ரப்பர் குழாய் போட அன்றைக்கு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பஸ்ஸில் மறையூர்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வர்க்கீஸ் சாரிடம் போய், எனக்குச் சிவப்புக் குழாய் வேண்டாம், டீசலுக்கு மாற்றுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து மடிப்பைச் சரிசெய்து மறுபடி பையில் வைத்தார்.

"எஸ்தரே, எண்ணெயில கலப்படம் உண்டோ?"

"இல்ல சார்."

"அளவு கொறைவுண்டோ?"

"இல்ல சார்."

"சத்தம் போகும்னு சொன்னே. போச்சு. பின்ன என்ன தப்பு? நம்ம மெக்கானிக் அல்லல்லோ."

இன்றுவரை அவருக்குச் சொல்லும் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கெட்ட மனுஷன் இல்லை அவர். மயினி அடக்கத்துக்கு மாலையோடு வந்து கடைசிவரை நின்றவர். அன்றைக்கே என்னை டீசலுக்கு மாற்றினார். சிவப்புக் குழாயை அடுத்த பெண் பிடித்தாள், அவளும் "பிரீமியம்தானே" என்றாள், தலைகள் ஆடின. நான் எதையும் நிறுத்தவில்லை. என் கையை மட்டும் கழுவிக்கொண்டேன். அதுவும் சுத்தமாகவில்லை.

பால்ராஜ் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்திருந்தார். சொல்லலாம் என்று போவேன், அவர் முந்திக்கொள்வார். "தங்கச்சி, நீ சொன்ன எண்ணெயால ரெண்டு மாசமாவது அவ நிம்மதியா ஒறங்கிக்கிட்டே போனா." அதற்கு மேல் எதைச் சொல்ல? கிறிஸ்துமஸ் தோறும் மறையூர் சர்க்கரை உருண்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். வாங்கிக்கொள்வேன். என் வீட்டில் அதை யார் சாப்பிட்டாலும் சாப்பிடட்டும் என்று வைத்துவிடுவேன். நான் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை.

போன வருஷம் சர்ச்சில் அசன விருந்து. எல்லாரும் பந்தியில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. எனக்கு எதிரில் பால்ராஜ் அண்ணன், பக்கத்தில் அவர் தங்கச்சி மகன் ஜெபராஜ். பையன் பழைய சின்ன வண்டி வாங்கியிருக்கிறான், நெஞ்சுவலிக்காரியான அவன் அம்மாவைக் கோயம்புத்தூர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் வர. இலையில் சோறு விழுந்துகொண்டிருந்தது.

"ஏலே, ஒனக்கு நான் சொன்னேன்லா, இந்தச் சித்திதான்" என்று அண்ணன் அவனுக்கு என்னைக் காட்டினார். "இவன் வண்டியும் ஏத்தத்துல சத்தம் போடுதாம், தங்கச்சி. பிரீமியம் அடில, ஒங்க அத்த எப்பிடி ஒறங்கிக்கிட்டு வந்தா தெரியுமான்னு சொன்னேன். நீயும் ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையாட்டத் தயாராக இருந்தான். சும்மா இருந்துவிட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுகூட ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன். அப்படிக் கணக்குப் போட்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேனே.

"எண்ணெய மாத்தாதல தம்பி" என்றேன். "சாப்பிட்ட கையோட ஒர்க்‌ஷாப்புக்குப் போ. தண்ணி எங்கயும் ஒழுகுதான்னு பாக்கச் சொல்லு. அதுவரைக்கும் அம்மாவ அந்த வண்டியில ஏத்தாத. பிரீமியம் ஊத்துனா சத்தம்தான் நிக்கும், சீக்கு நிக்காது. உள்ளுக்குள்ள வெந்துகிட்டே இருக்கும், ஒனக்குத் தெரியாது."

அண்ணன் பிசைந்த சோற்றை எடுக்கவில்லை.

"அப்ப எங்க வண்டி?"

சொன்னேன். முள், குழாயிலிருந்த துளை, சஜி என் கையில் வைத்த பிஸ்டன், சூடு பொறுக்காமல்தான் வண்டி அவ்வளவு நாள் கத்தியது என்பது, நான்தான் அதன் வாயை அடைத்தேன் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். பரிமாறுகிறவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவ ஒறங்குனது?" என்று கேட்டார்.

இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

ஜெபராஜ் வண்டியில் தண்ணீர்க் குழாய் வெடித்துத்தான் இருந்ததாம். மாற்றிவிட்டார்கள், சாதாரணப் பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, அவன் அம்மா போய் வருகிறாள். நான் செய்தது சரிதான் என்று போதகர் சொன்னார். எனக்கும் தெரியும். பால்ராஜ் அண்ணன் இப்போது மலையாள ஆராதனைக்குப் போகிறார், எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருவதில்லை. அந்த மனுஷனிடம் மயினியைப் பற்றி மிஞ்சியிருந்தது, ஏற்றத்தில் அவள் தூங்கிக்கொண்டு வந்த அந்த இரண்டு மாதம் ஒன்றுதான். அதையும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.